எர்த்துக் குழிக்கு ஒரு குடம்

கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் உங்கள் டெஸ்டர் இப்போது என் இடுப்பில் செருகியிருக்கிறது, மச்சான். சிரிக்காதீர்கள். பிள்ளை பெற்று வந்திருக்கும் நம் மகள் குளிக்கப் போகும் முன், நான் போய் வெந்நீர்க் குழாயில் அதை வைத்துப் பார்க்கிறேன். அதில் விளக்கு எரியவில்லை என்றால்தான் அவளை உள்ளே விடுகிறேன். நேற்றும் எரியவில்லை, இன்றும் எரியவில்லை. ஆனாலும் அவள் வெளியே வரும்வரை கதவை விட்டு நகர்வதில்லை.

நீங்கள் சவூதியில் கரண்டு வேலை பார்த்த காலத்தில், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் போன் வரும். "குழிக்குத் தண்ணி ஊத்துனியா?" இதுதான் முதல் பேச்சு. ஹீட்டரிலிருந்து வரும் எர்த்துக் கம்பியைக் கொல்லையில் நீங்கள் புதைத்து வைத்த குழியைத்தான் கேட்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆட்டுக்கே தண்ணியக் காணோம், நான் மண்ணுக்கு ஊத்தவா? பொண்டாட்டி சாப்ட்டாளான்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியல!"

"ஏ புள்ள, நம்ம ஊரு காஞ்ச மண்ணு. ஈரம் இருந்தாத்தான் கசியிற கரண்டு மண்ணுக்குள்ள எறங்கும். இல்லன்னா குளிக்கிற ஆளு மேல பாயும். உப்புத் தண்ணியே போதும், ஊத்து."

திட்டிக்கொண்டே ஒரு குடம் ஊற்றுவேன். ஊரோடு வந்த பிறகு நீங்களே ஊற்றினீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஹீட்டரைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் கெட்டிப்பட்டிருக்கும் உப்பைத் தட்டி எடுப்பீர்கள். கொல்லையெல்லாம் வெள்ளைச் சில்லாகக் கிடக்கும், அதற்கும் உங்களிடம் சண்டை போடுவேன்.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அதை யாரும் திறக்கவில்லை. முதலில் தண்ணீர் காய நேரமானது. பிறகு உள்ளேயிருந்து கொரகொரவென்று சத்தம் வந்தது. பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். போன வாரம் மகள் குழாயைத் தொட்டதும் அலறினாள். ஓடினேன். கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றாள். "சுருக்குன்னு இழுத்துருச்சும்மா." கூடத்தில் பச்சைப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. யா அல்லா! மெயினை அணைத்தேன்.

உங்கள் தம்பி பாளையம்பட்டியிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். "லேசான லீக்குதான்க்கா. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு குளிக்கச் சொல்லுங்க" என்றார் அவர். செருப்பாம்!

"ஏப்பா, ஒம் வீட்டுப் புள்ளன்னா செருப்ப மாட்டித்தான் உள்ள அனுப்புவியா?" என்று பிடித்துக்கொண்டேன். அந்த ஆத்திரத்தில்தான் உங்கள் கேள்வி ஞாபகம் வந்தது. கொல்லைக்கு ஓடினேன். குழியைக் காணோம்.

உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று, உங்கள் தம்பி கொல்லை முழுக்கச் சிமெண்டு போட்டிருந்தார். நல்ல மனசோடு செய்ததுதான். உங்களுக்காக எல்லோரும் உட்கார்ந்து ஓதிய அதே தரைக்குக் கீழேதான் உங்கள் குழி காய்ந்து கிடந்திருக்கிறது.

கடப்பாரையை எடுத்தேன். "மதினி, புதுச் சிமெண்டு!" என்று உங்கள் தம்பி பதறினார். "ஒங்கண்ணன் வச்ச குழி இதுக்குள்ள கெடக்கு" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. கடப்பாரையை வாங்கி அவரே உடைத்தார். உள்ளே மண் மாவாக உதிர்ந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. எலெக்ட்ரீஷியனும் ஹீட்டரைக் கழற்றினார். காயில் உப்பேறி வெடித்திருந்தது. புதுசு மாற்றினார், கரண்டு கசிந்தால் தானே அணைகிற டிரிப்பர் ஒன்றும் போட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சரியாகவில்லை, மச்சான். இந்த வீட்டில் சத்தமில்லாமல் இன்னும் என்னென்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? ஒரு குழி தெரிந்துவிட்டது. தெரியாதது எத்தனை? சுவிட்சைத் தொடும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து ஆட்கள் தெருவில் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து, கொண்டுபோய்க் குழியில் ஊற்றினேன். போன் வரும் நேரம் வந்து, கடந்தும் போய்விட்டது.

ஊத்திட்டேன், மச்சான். நான் இன்னும் சாப்பிடல. இன்னைக்காவது கேளுங்களேன்.