டென்சிலின் இடது காது

வாலரூ,
ஆகஸ்ட் 6, புதன்கிழமை

அன்புள்ள கெரன்சாவுக்கு,

மெர்வ் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு, பசியோடு இருக்கிறோம். பெர்த்தில் நீ அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நடந்தது எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். உன் அப்பா ஒரு நாள் இசைக்குழுவைக் கலைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து, கத்தாமல் ஒரு ஆல்பம் பாடுவார், அப்போது அவர் காதே அவர் காலை வாரும் என்று எண்பத்தாறிலேயே செடூனா மதுக்கடை வாசலில் நின்று சொன்னேன். அதற்குச் சாட்சியும் உண்டு. அந்தச் சாட்சி செத்துப்போனது என் தப்பில்லை.

ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த பழைய ஜெபக்கூடத்தில் பிப்ரவரியிலிருந்து அந்த ஆல்பம் வேலை நடக்கிறது. உன் அப்பா டென்சில் ட்ரெலோர், ஒரு கிட்டார், ஒரு பழைய ஹார்மோனியம், ஒன்பது பாட்டு, அவ்வளவுதான். முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும் கூரையில் இருந்த புறாக்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்டன. பதினேழு புறா. எண்ணிப் பார்த்தேன். குரல் உடைந்துதான் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் அவருக்கு ஆம்ப்ளிஃபயர் பெட்டி தூக்கி, வண்டி ஓட்டிய நான் சொல்கிறேன், இந்த மனிதர் இப்போதுதான் பாடுகிறார். முன்னால் செய்ததெல்லாம் சத்தம்.

பதிவு செய்ய அடிலெய்டிலிருந்து சூலா என்ற பெண் வந்தாள். கெட்டிக்காரி, வாயும் நீளம். பாட்டுகளைப் பதிந்து முடித்ததும், "மிக்ஸிங்கை நானே பண்றேன்"னு உன் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் சூலா, "டென்சில், இடது பக்கம் கிட்டார் ரொம்ப ஏறிக் கிடக்கு, உங்க குரலே கேக்கல"ன்னாள்.

"நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீ பொறக்கவே இல்ல"ன்னார் இவர்.

"அதனாலதான் எனக்கு இன்னும் ரெண்டு காதும் வேலை செய்யுது"ன்னாள் அவள்.

அன்றைக்கே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார். போகும்போது அவள், "ஆகஸ்ட் இருபத்திரெண்டாந்தேதி வருவேன், அன்னிக்கு எது கையில இருக்கோ அதுதான் வெளிய போகும். வேற நாள் கிடையாது"ன்னு சொல்லிவிட்டுப் போனாள்.

எந்தப் பாட்டையும் காரில் போட்டுக் கேட்காமல் வெளியே விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம், உனக்குத் தெரியும். என் வண்டியில் போட்டோம். இடது பக்க ஸ்பீக்கரில் கிட்டார் அரவை மில் மாதிரி ஓடுகிறது. பாடுகிறவரைக் காணோம். இவரோ, "நல்லாத்தானே இருக்கு"ன்னு தலையாட்டுகிறார். மறுநாள் அவருக்கு இடது பக்கமாக நின்றுகொண்டு, "அண்ணே, உன் தலையில இருக்கிறது ஒட்டு முடி"ன்னேன். அதைச் சொன்னவன் மேல் நாற்காலியை வீசுகிற மனிதர், கறி அடைத்த பாஸ்டி ரொட்டியைத் தின்றுகொண்டே இருந்தார். வலது பக்கம் போய் அதையே சொன்னேன். பாஸ்டி பறந்து வந்தது.

முப்பது வருஷம் மேடையில் ட்ரம்ஸுக்கு வலது பக்கம் நின்று பாடியவர். ட்ரம்ஸோடு இருக்கிற தாளத்தட்டின் சத்தம் இடது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. கேட்காத பக்கத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். நான் உள்ளதைச் சொன்னேன். வெளியே போய் ஜெபக்கூடப் படியில் உட்கார்ந்தார். "சூலாகிட்ட குடுத்துடலாமே"ன்னேன். "அவ உடைஞ்ச இடத்தையெல்லாம் பூசி மெழுகிடுவாடா. உடைஞ்சதுதான்டா பாட்டு"ன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கெரன்சாவக் கூப்பிடு. அவ காதுதான் எனக்குக் காது"ன்னார்.

அப்படியே கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. ஹெட்போனைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதலில் வலது பக்கத்தை வலது காதால் கேட்பது, பிறகு திருப்பி மாட்டி இடது பக்கத்தையும் அதே காதால் கேட்பது, இரண்டையும் தாளில் எழுதி ஒப்பிடுவது. ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் ஆகிறது. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. நான்கு பாட்டு இப்படி முடித்துவிட்டார். என் வண்டியில் போட்டுக் கேட்டேன், ஒரு குறை சொல்ல முடியாது. இந்த யோசனை நான் கொடுத்தது என்று வைத்துக்கொள்.

ஆறாவது பாட்டை மட்டும் தொடமாட்டேன் என்கிறார். அது உன் அம்மாவைப் பற்றியது. பயப்படாதே, பழைய பாட்டு அல்ல. அடிலெய்டில் அம்மாவைக் கேலி செய்து அவர் பாட, கூட்டம் சிரித்துக் கூடப் பாட, முன் வரிசையில் இருந்த நீ எழுந்து போனாயே, அதை அவர் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பாடவில்லை. இதில் சத்தியமாக நான் ஒன்றும் கூட்டவில்லை. புதிய பாட்டில், நாங்கள் மறந்து விட்டுப்போன கிட்டாரை எடுத்துக்கொண்டு அம்மா போர்ட் அகஸ்டா வரை வண்டி ஓட்டி வந்ததையும், இவர் நன்றிகூடச் சொல்லாமல் மேடை ஏறியதையும் பாடியிருக்கிறார். கிட்டாரை மறந்தது நான். அது பாட்டில் இல்லை, நல்லவேளை.

அந்தப் பாட்டைப் போடுகிறார், பாதியில் நிறுத்துகிறார். "இது மன்னிப்பா, சாக்கா? எனக்கே தெரியலடா"ன்னார் நேற்று. அதை எந்தக் காதாலும் அவர் கேட்க முடியாது. நானும் முடியாது, எனக்கு அவர் என்ன பாடினாலும் நன்றாகத்தான் இருக்கும். நீ பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவள். பொய் எங்கே இருந்தாலும் உனக்குக் கேட்கும். இது பொய்யென்று நீ சொன்னால் தூக்கிப் போட்டுவிட்டு எட்டுப் பாட்டோடு வெளியே போகட்டும். நீ கேட்காமல் மட்டும் போகக்கூடாது. இருபத்திரெண்டுக்குள் வா. அடிலெய்டு விமான நிலையத்தில் நான் நிற்பேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். உன் கைக்கும் காதுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று. புறா நான்குதான் இருந்தது, அதை விடு. உன் அப்பா உன்னைக் கூப்பிடச் சொன்னதாக எழுதினேனே, அது அவர் சொன்னது அல்ல. படியிலிருந்து எழுந்து, "யாரும் வேணாம், நானே பாத்துக்கிறேன்"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போனார். நீ அன்றைக்கு எழுந்து போனதிலிருந்து, ஒன்பது வருஷமாக, அவர் உன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கூப்பிடுவது நான்தான். வந்தால் அவரிடம் என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதே, நீயாகத்தான் வந்தேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மெர்வ் ட்ரெலோர்