சரிம்மா என்று சொன்னது யார்?

காவாந்தண்டலம்,
ஆடி முதல் வெள்ளி

அன்பு மகன் வினோத்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தங்கை திவ்யாவும் சுந்தர வரதர் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்கலாம்தான், ஆனால் பதில் சொல்லப்போவது நீதானா என்ற சந்தேகம் வந்துவிட்டதால் கேட்கக் கை வரவில்லை. லீவு முடிந்து நீ இருக்கிற போலந்துக்கே திரும்புகிற பெருநகர் கிராமத்து ஜெகனிடம் பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ படித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னா அத்தே, போலீஸ் மாதிரி பேசுற என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது உன் வேலையைப் பற்றி நைனாவிடம் நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ரோபோ, கையும் கிடையாது காலும் கிடையாது, ஆபீஸில் ஒருத்தர் தினமும் எதையெல்லாம் அழுத்துகிறாரோ அதைப் பார்த்து வைத்துக்கொண்டு அதே மாதிரி அழுத்திக்கொண்டே இருக்கும், சம்பளமும் கேட்காது லீவும் கேட்காது என்றாய். தெனம் ஒரே வேலையச் செய்ய மனுஷன் இன்னாத்துக்கும்மா என்று என்னைப் பார்த்து வேறு கேட்டாய். நைனா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது. அம்மாவைத் தினமும் சாப்பிட்டாயா என்று கேட்பதும் ஒரே வேலைதானே, அதையும் இவன் அதன் தலையில் கட்டிவிட மாட்டானா என்று நினைத்தேன். சொன்னால் சண்டைக்காரி என்பாய் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

சித்திரைக்குப் பிறகு உன் குரலையே நாங்கள் கேட்கவில்லை. பெரிய வேலை ஒன்று ஓடுகிறது, முடிந்ததும் பேசுகிறேன் என்றாய், சரி என்று இருந்தோம். போன் போட்டால் எடுப்பதில்லை, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று எழுத்துதான் வருகிறது. ஆனால் நான் பால் கறந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும், சாப்டியாம்மா மாத்திரை போட்டியா என்று டாண் என்று வந்துவிடும். அதற்கு நான் என்ன சொன்னாலும் சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ. முட்டி வலிக்கிறது என்றாலும் அதேதான், சொர்ணவாரிப் பட்டத்து நெல் பால் பிடித்திருக்கிறது என்றாலும் அதேதான். ஒரு பதில் சொன்னால் ஒன்பது கேள்வி கேட்டு என் உயிரை வாங்கின பிள்ளையா இது என்று தோன்றும்.

இந்த நேரத்தில்தான் ராஜகுளத்தில் இருந்து திவ்யாவுக்கு ஒரு இடம் வந்தது. குறை சொல்ல முடியாத குடும்பம், பையனும் சாது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்பது ஒன்றுதான் அவர்கள் சொன்னது. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேசக்கூடாது, அதற்குள் தாம்பூலம் மாற்றிவிடுவோம் என்று அவசரப்பட்டார்கள். நைனா ஒரே பிடியாக நின்றார். மாப்ளைக்கு மோதிரம் போடப்போற மச்சான் அவன், அவன் சரின்னு ஒரு வார்த்த சொல்லாம நான் வெத்தலையத் தொட மாட்டேன் என்றுவிட்டார். திவ்யாவைக் கேட்டால் அண்ணன் சொன்னா சரி என்றாள். நானும் ஒன்று விடாமல் விவரம் சொல்லி, தாம்பூலம் மாற்றலாமா என்று உனக்கு அனுப்பினேன். சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ என்று வந்தது. நைனா அந்தப் போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் தாம்பூலம் மாற்றியாயிற்று, ஆவணியில் கல்யாணம்.

தாம்பூலத் தட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், அதற்கும் உடம்பப் பாத்துக்கோ. மாப்பிள்ளை என்ன உயரம், என்ன படிப்பு என்று ஒரு அண்ணன்காரன் கேட்க மாட்டானா? திவ்யா வேலை செய்கிற காஞ்சிபுரம் ஆபீஸிலும் உன் ரோபோ மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், அது எங்கே தப்புப் பண்ணுகிறது என்று பார்ப்பதுதான் இப்போது அவள் வேலை. வருகிற கடிதத்துக்கெல்லாம் கிடைத்தது நன்றி என்று அதுபாட்டுக்கு அனுப்புமாம், திட்டி எழுதினவனுக்கும் நன்றி போகுமாம். அவள் சொன்னது மனதில் கிடந்து அரித்தது. ஒரு நாள் காலையில் எல்லோரும் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தபோது போனை எடுத்து, நம்ம கருப்பு மாடு நேத்துல இருந்து மனுஷன் மாதிரி பேசுது, உன்னத்தான் கேக்குது என்று உனக்கு அனுப்பினேன். இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது, சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ.

நைனா புரையேறச் சிரித்தார். மாடு பேசுதுன்னாலும் சரிங்கிறான்டி, பேஜார் புடிச்ச பையன் என்றார். திவ்யா சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். எவ்வளவோ கேட்ட பிறகு தன் போனைக் காட்டினாள். தாம்பூலத்துக்கு முன்னால் எங்களுக்குத் தெரியாமல் உனக்கு எழுதியிருக்கிறாள். அண்ணா, இந்த வேலைய வுட எனக்கு மனசில்ல, இப்பத்தான் கத்துக்கினு கீறேன், ரெண்டு வருஷம் போவட்டும்னு நீ சொன்னா நைனா கேப்பாரு, நான் சொன்னா கேக்க மாட்டாரு என்று. கீழே பதில், சரி திவ்யா, உடம்பப் பாத்துக்கோ. அண்ணன் நைனாவிடம் பேசுவான் என்று நம்பிக் காத்திருந்தவள், தாம்பூலம் மாற்ற எனக்கும் சரி என்று வந்ததைப் பார்த்து, அவனே கைவிட்டுவிட்டான் என்று தலையைக் குனிந்து பூ வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் ரோபோவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவள் அவள்தான், அவளே ஏமாந்துவிட்டாள். கூடப் பிறந்தவன் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லையப்பா, அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

நைனா இப்போது சிரிப்பதில்லை. மாற்றின தாம்பூலத்தைத் திருப்புவது நம் பக்கத்தில் லேசான காரியமா, நாலு பேர் முன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் சொல்லிவிட்டார், என் பையன் வாயால சொல்லாத சரி எனக்கு சரி இல்ல, அவன் பேசட்டும், தேவப்பட்டா நானே ராஜகுளத்துக்குப் போய்க் கையக் கூப்புறேன் என்று. ஆடி முடிகிறவரை அவர்களும் எதுவும் பேச வரமாட்டார்கள், நமக்கு இருக்கிற அவகாசம் அவ்வளவுதான். முதலில் திவ்யாவிடம் பேசு, அவள் சொல்வதை முழுசாகக் கேள், பிறகு நைனாவிடம் பேசு. என்னிடம் கடைசியில் பேசினால் போதும்.

இன்னொன்று. கிளம்புகிற தேதியைச் சொல்லிவிட்டுப் போக வந்த ஜெகனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, ரோபோவெல்லாம் இருக்காது அத்தே, வேல நெருக்கடில நாங்களே இப்டித்தான், இன்னா வந்துகீதுன்னு பாக்காமயே சரி சரின்னு தட்டி வுட்டுடுவோம் என்றான். அதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது மிஷின்தான், மிஷின்தான் என்று இத்தனை நாள் அடித்துப் பேசினவள், அது மிஷினாகவே இருக்க வேண்டும் சாமி என்று உத்திரமேரூர் போய்ச் சுந்தர வரதருக்கு நெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஊறுகாயில் ஈரக் கரண்டியைப் போடாதே. படித்து முடித்ததும் ஜெகன் எதிரிலேயே தங்கைக்குப் போன் போடு. சரிம்மா என்று மட்டும் அனுப்பிவிடாதே.

உன் அம்மா,
சே. வளர்மதி