டூலிக்குக் கொண்டுபோன பால்

ஜனவரி 11, ஞாயிறு

தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் நேராக டூலியைப் பார்க்கப் போனோம். வண்டியிலேயே சுற்றிப் பார்க்கும் அந்த விலங்குப் பண்ணையில் அவனை விட்டுப் பத்து வாரம் ஆகிறது. வரிக்குதிரையும் ஒட்டகமும் தீவனத்துக்காக வண்டியை மொய்த்தன. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வெளிமான் குட்டி வேலியோரம் தன்னந்தனியாக நின்றான். பால் புட்டியை ஜன்னலில் நீட்டினேன். ஓடி வந்தான்! குட்டியாம் குட்டி, இரண்டு வயதாகிறது, கொம்பே ஒரு முழ நீளம்.

"உன் செல்லம் கொம்பால என் தொடையில போட்ட ஓட்டை இன்னும் வலிக்குது. நீயே ஊட்டு" என்றார் என் வீட்டுக்காரர் ராய்ஸ். வாய்தான். தீவனப் பை முழுவதையும் அவனுக்கே கொட்டியது யாராம்?

ஜனவரி 18

போனோம். குடித்தான்.

ஜனவரி 25

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் லூப்பே வண்டியை நிறுத்தினாள்.

"மிஸ் நெல்டா, தப்பா எடுத்துக்காதீங்க. வாரம் பூரா இவன் உங்க வண்டி வருதான்னு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறான். மந்தைப் பக்கம் தலைகூடத் திருப்பறதில்ல. எல்லாம் அந்தப் புட்டியால. மார்ச்சுக்குள்ள பெண் மான்களோட சேரலைன்னா முதலாளி இவன, காசு குடுத்து சுட வர்றவங்களுக்கான வேட்டைப் பக்கம் அனுப்பிருவாரு."

வேட்டைப் பக்கம்! ஐயோ, துப்பாக்கியோட வர்றவன்கிட்டயும் பால் இருக்கும்னு ஓடுவானே.

ஜனவரி 26

தாய் செத்துக் கிடந்த இடத்திலிருந்து துண்டில் சுற்றித் தூக்கி வந்தவள் நான். அடுப்படியில் வளர்த்தேன். மானா இருக்க அவனுக்கு யாரு கத்துக்குடுத்தா? நானா? எனக்குத்தான் என்ன தெரியும்?

பிப்ரவரி 1

போகவில்லை.

பிப்ரவரி 8

போகவில்லை. பெக்கான் கொட்டை போட்ட இனிப்பு அப்பம் சுட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. ராய்ஸ் ஒரு துண்டு முழுக்கத் தின்றார். பாவம் மனுஷன்.

மார்ச் 1

ஐந்தாவது ஞாயிறு. பாதி வழி போய்விட்டுத் திரும்பினோம். திருப்பச் சொன்னது நான்தான்.

மார்ச் 29

கெடு முடிகிறது. புட்டி இல்லாமல் போனோம். வேலியோரம் அவன் இல்லை. தூரத்துச் சரிவில் பெண் மான்கள். நடுவில் முதுகு கறுத்த ஓர் ஆண். அவனா? கிட்டே போங்க, கிட்டே போங்க என்று ராய்ஸை நச்சரித்து வண்டியைப் பாதையை விட்டே இறக்கவைத்தேன்.

"டூலி!"

தலை நிமிர்ந்தான். வந்தான். பாதி வழியில் தலையைத் தாழ்த்தினான் — டமார்! என் பக்கத்துக் கதவு உள்ளே போயிற்று. இன்னொரு முட்டு. பிறகு பெண்களை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

லூப்பே ஓடி வந்தாள். "மந்தைக்குள்ள வண்டிய விட்டா எந்தக் கிடாதான் முட்டாது? உங்களுக்கு அறிவிருக்கா?" திட்டிக்கொண்டே சிரித்தாள். "மூணு வாரமா இவன்தான் இங்க ராஜா. எங்கயும் அனுப்ப மாட்டோம், போதுமா?"

போதும். வீடு வரை அழுதேன். சந்தோஷம்தான். கொஞ்சம் வலியும்தான், ஏன் மறைக்க?

ஏப்ரல் 5, ஈஸ்டர்

தேவாலய வாசலில், எங்களோடு ஆராதனைக்கு வரும் வில்மா எங்கள் வண்டிக் கதவைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "யாரு இடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராய்ஸ் சொன்னார்: "எங்க பையன்தான். தனிக்குடித்தனம் போயிட்டான். சொல்லாம கொள்ளாம உள்ள போயிட்டோம், கோவம் வந்திருச்சு."