ஏழு பத்து பேருந்துக்கு ஒதுங்குகிறவர்கள்

வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள ரோக்வி அண்ணனுக்கு,

மர்யுன் எழுதுகிறேன். கப்பலுக்கு வரும் மின்னஞ்சல்களைக் கேப்டன்தான் முதலில் திறப்பார் என்று சொல்லியிருந்தாய். திறக்கட்டும். இதற்குமேல் ஒளித்துவைக்க என்னால் முடியவில்லை.

அம்மா நலம். ஆட்டிறைச்சி இந்த ஆண்டு நன்றாகக் காய்கிறது. உன் பங்கைத் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறாள். மழையும் காற்றும் வழக்கம்போல. இந்தக் குளிர்காலத்தில் நம் தீவில் விடியக் காலை ஒன்பதரை ஆகிறது.

அப்பா பேருந்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கோடையில் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை என்று சொன்னபோது, வசந்தம் வரை யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு நீ கடலுக்குப் போனாய். "குளிர்காலத்துல எனக்குப் பதிலா யாரு ஓட்டுவா? ஏப்ரல்ல கண் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்று அப்பா சொன்னதை நாம் இருவரும் நம்பினோம். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது நான் முன் இருக்கையில்தான் உட்காருகிறேன். மலைச் சுரங்கப் பாதைக்குள் எதிரே வெளிச்சம் தெரிந்தால் அப்பா மெதுவாகக் கேட்பார்: "எவ்வளவு தூரம்?" நான் சொல்வேன். பின்னால் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஏதோ பேசிக்கொண்டு வருவதாகத்தான் தெரியும்.

உனக்குத் தெரியும், அந்தச் சுரங்கத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஒதுங்கும் இடங்கள் காலையில் பேருந்து போகும் திசையில், நம் பக்கம் இருக்கின்றன. ஒதுங்க வேண்டியவர் அப்பா. ஆனால் எதிரே வருகிறவர்கள் சுரங்க வாசலிலேயே நின்றுவிடுவார்கள்; அப்பாவுக்குத் தரும் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

நேற்று வெளிச்சம் தெரிந்ததும், "பக்கத்துல வந்துடுச்சு, ஒதுங்குங்கப்பா" என்றேன். "இல்லம்மா, தூரத்துலதான் இருக்கு. அடுத்த இடத்துல நிக்கலாம்" என்று இந்த ஒருமுறை என்னை நம்பாமல் ஓட்டினார். வந்தது சால்மன் பண்ணையின் லாரி. அது பாறைச் சுவரில் உரசிக்கொண்டே வந்து நின்றது. நம் வண்டியின் பக்கக் கண்ணாடி பெயர்ந்து போயிற்று. பதினொரு பிள்ளைகளும் முன்னால் சரிந்தார்கள். அவர்களில் ரன்வாவுக்குப் பல் உடைந்தது.

லாரிக்காரர் ஸ்லாவெக் போலந்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இறங்கி வந்து, "போர்டு போட்டிருக்கு. நீங்கதானே ஒதுங்கணும்?" என்று கேட்டார்.

"இங்க பஸ்ஸுக்கு எல்லாரும் நின்னுதான் போவாங்க. ஊர்ல யாரை வேணாலும் கேளு" என்றார் அப்பா.

ஊரும் அதையே சொன்னது. கடையில் நம் ஊர்த் தன்யல் அப்பாவின் பெயரைச் சொல்லி, "ஹானுஸ் பஸ் எத்தனை மணிக்கு வரும்னு எங்க ஆட்டுக்குக்கூடத் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியல பாரு" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்லாவெக்கை வண்டி எடுக்க வேண்டாம் என்று பண்ணை சொல்லிவிட்டது. பேருந்து அலுவலகத்திலிருந்து என்னைக் கேட்டபோது, புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். வண்டி ஓடும்போது உள்ளே விளக்கே எரியாது; இருட்டில் யாரால் படிக்க முடியும்? அப்பா பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் தன்யலைத் தனியாகப் பிடித்து, பேருந்துக்கு நிற்பது எப்போதிருந்து வழக்கம் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "ரெண்டு வருஷமா இருக்கும். உங்கப்பா ஒதுங்குறதே இல்லம்மா. அவரை எதுக்குச் சங்கடப்படுத்தணும்னு நாங்களே சுரங்க வாசல்ல நின்னுடுறோம். பாதிரியாரும் நிக்கிறாரு."

இரண்டு வருடம், அண்ணா. நாம் கோடையில் தெரிந்துகொண்டதை ஊர் அதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறது. தன் பிள்ளைகளைத் தினமும் அதே வண்டியில் ஏற்றியும் விட்டிருக்கிறது. மரியாதை என்று நினைத்து நான் பெருமைப்பட்டதெல்லாம் இதுதான். நான் அவருக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று நினைத்ததும் பொய். நான் பக்கத்தில் இருக்கும் தைரியத்தில்தான் அவர் இன்னும் ஓட்டுகிறார்.

கண்ணாடி மாட்டுவதற்காக வண்டி பணிமனையில் நிற்கிறது. திங்களன்று வந்துவிடும். அன்றே பண்ணையில் மீன் அறுவடையும் தொடங்குகிறது. வெளியூர் ஓட்டுநர்களோடு பன்னிரண்டு லாரிகள் வருகின்றனவாம். காலை ஏழு பத்துக்கு நம் பேருந்து வரும்போது அவர்கள் யாரும் சுரங்க வாசலில் நிற்கமாட்டார்கள். பலகையில் எழுதியிருப்பதை நம்பி நேராக வருவார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "முப்பத்தொரு வருஷ ரோடு, கண்ணை மூடிக்கிட்டே போவேன்" என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றப் போவதில்லை. ஞாயிறு காலை வழிபாடு முடிந்ததும் பேருந்து அலுவலகப் பொறுப்பாளரின் வீட்டுக்குப் போகிறேன். கண் விஷயத்தைச் சொல்வேன். ஸ்லாவெக் மேல் தவறில்லை என்று சொல்வேன். கோடையிலிருந்து யார் யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்டால் உன் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நாளை அம்மாவிடம் பேசக் கூப்பிடும்போது அப்பாவையும் கூப்பிடு. நான் போய்ச் சொல்வதற்கு முன் அவரே போய்ச் சொல்லிவிடட்டும். நீ சொன்னால் மட்டும்தான் அவர் கேட்பார். இந்த ஒன்றை அவருக்காகச் செய், அண்ணா.

அங்கே கடலில் பனிப்பாறைகள் மிதந்து வரத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எதிரே வருவது எதுவானாலும், விலகுவதற்கு நேரம் இருக்கும்போதே உன் கண்ணுக்குத் தெரியட்டும்.

உன் தங்கை,
மர்யுன்