மழைக்கு ஓடிய அண்ணை

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, சட்டன், இங்கிலாந்து.

கனடாவில் இன்று எங்கள் ஊர்ச்சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல். அண்ணி வீடியோ அழைப்பில் பூங்காவைக் காட்டினார். நல்ல வெயில். கயிறிழுப்பு நடந்தது. மாசியில் இதய ஒப்பரேஷன் செய்துகொண்ட அண்ணை, கதிரையில் இருந்தபடி இரண்டு பக்கத்தையும் ஏசிக்கொண்டிருந்தார்.

திடீரென்று மழை கொட்டியது. எல்லாரும் கொட்டகைக்கு ஓட, அண்ணையும் சுட்ட கோழித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அண்ணை, ஓடாதேங்கோ!" என்று இங்கே என் குசினி அடுப்படியில் நின்று கத்தினேன்.

"டொக்டர் ஓடலாமெண்டு சொல்லிட்டாரடி! கோழி நனையுது, போனை வை!"

வந்த கோபத்தில் உண்மையாகவே வைத்துவிட்டேன். இரவுச் சாப்பாடும் இறங்கவில்லை. இப்போது படுக்கும்போதுதான் நினைவு வந்தது. மாசி முழுவதும் கடவுளிடம் நான் கேட்டது, அவர் எழுந்து நடந்தால் போதும் என்று மட்டுந்தான்.