வூட்டுவண்டியில் மீன் வாசம்

வீட்டுக்கு ஒளித்து மீன் தின்பதில் என் குருவும் கூட்டாளியுமான மாமாவுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் அரூரிலிருந்து அங்கே வந்து சேருகிற யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். போன வாரம் உங்கள் வண்டிக்குள், கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியில் தலையை விட்டு, பின்பக்கம் வானத்தைப் பார்க்க, நாய் மாதிரி மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்து கிடந்தது. தண்ணீர் லாரி வந்த நேரம். தெருவே குடத்தோடு நின்று பார்த்திருக்கிறது. தலையை வெளியே எடுக்கலாம் என்றால் பலகைச் சட்டத்தில் காது மாட்டிக்கொண்டது.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு உள்ள என்னாத்தத் தேடுறாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூளைய" என்றாள் சாந்தி. கட்டின பெண்டாட்டி, மாமா. குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தது தெரு.

இத்தனையும் உங்களால்தான். உங்களுக்கு முதல் வருஷம் கும்பிட்டு முடித்த அன்று, படையல் போட்ட இலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை, வளர்மதி அக்கா என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, உங்க மாமா வண்டியத் தொடச்சு வெய்யி. வர்ற வெள்ளிக்கெழம பழனிக்குப் போறோம்."

எனக்கு வாயில் இருந்த வடை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "அது எதுக்குக்கா? ஏசி வண்டி ஒண்ணு வாடகைக்குப் பிடிச்சிடலாம்" என்றேன்.

"அவரு கட்டுன வண்டியிலதான் போகணும். ஒரு நாளு கூட நான் அதுல ஏறுனதில்லடா. எப்பக் கேட்டாலும் இன்னும் வேல பாக்கி இருக்குதும்பாரு."

வேலை பாக்கி! சித்தேரி மலைக்கு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய வேனை வாங்கி, சேலத்துப் பட்டறையில் விட்டு, கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி, தண்ணீர் டேங்க் என்று வைத்துக் கட்டினீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேம்பர் என்கிறார்கள். நீங்கள் வைத்த பெயர் வூட்டுவண்டி. ஊர் முழுக்கச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த வண்டியில் வூட்டுக்காரியை ஒரு நாளும் ஏறவிடாததற்கு என்ன காரணம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நீங்கள், போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மிச்சம் இருக்கிறவன் கையில் ஆப்பசோடா டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

உங்களுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அக்கா பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். நீங்கள் பிழைத்து வந்தால் இனி மீனைத் தொடமாட்டீர்கள் என்று. வேண்டுதல் அவளுடையது, வாய் உங்களுடையது. பிழைத்து வந்தீர்கள். வாயைக் கட்டினீர்கள். வண்டி கட்டி முடிகிற வரைக்கும், ஏறக்குறைய இரண்டு வருஷம், நீங்கள் கத்தரிக்காயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது கொலைகாரப் பார்வை.

அப்புறம்தானே நமக்கு உடம்புவலி வந்தது? "ஒகேனக்கல்லுல எண்ணெ தேய்ச்சுக் குளிச்சாத்தான் நரம்பு எளகும்" என்று அக்காவிடம் நீங்கள் சொன்னீர்கள். சாந்தியிடம் நானும் அதையே சொன்னேன். அங்கே மீனை வாங்கிக் கொடுத்தால் பக்குவமாகச் சமைத்துக் கொடுக்கப் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் அருவி பார்க்க வந்த அரூர்க்காரன் எவனாவது பார்த்துவிட்டால்? அதனால் நாம் மரத்தடியில் வண்டியை ஒதுக்கி, ஜன்னல், கதவு, திரை எல்லாவற்றையும் இழுத்து மூடிக்கொண்டு உள்ளேயே கெளுத்தி குழம்பு கொதிக்கவிட்டோம். வேர்த்து ஒழுகி, கண் எரிந்து, மூச்சு முட்டி, ஆகா, என்ன ருசி அது! அந்த ஆவி பூராவும் எங்கே போயிருக்கும் என்று நாம் ஒரு தடவையாவது யோசித்தோமா?

உங்களுக்குப் பின் வண்டி என் வீட்டு முன்பக்கம், தெருவைப் பார்த்த ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு வருஷ வெயிலில் வெந்துகொண்டிருந்தது. போன வாரம் கதவைத் திறந்தேன். மாமா, அது வாடை இல்லை, ஆள். எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தது.

சிரிக்காதீர்கள். விஷயம் சின்னது இல்லை. ராத்திரி படுத்தவர் விடியலில் எழவில்லை என்றால் பொண்டாட்டி மனசு எங்கெல்லாம் போகும்? இந்த ஒரு வருஷமாக அக்கா கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "எந்த வேண்டுதல்ல கொற வெச்சேன்னு தெரியலியே தம்பி." அரிசி புடைக்கும்போது கேட்பாள், டிவி ஓடும்போது கேட்பாள். அந்த வண்டியில் ஏறி ஒரு மூச்சு இழுத்தால் போதும், பதில் கிடைத்துவிடும். சாமிக்குக் கொடுத்த வாக்கு கெட்டதால்தான் நீங்கள் போனீர்கள் என்று முடிவு கட்டிவிடுவாள். அதை அவள் எந்தக் கோயிலில் போய் இறக்கி வைப்பாள்? கூட உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்த நான் எந்த மூஞ்சியோடு அவள் வீட்டு வாசலை மிதிப்பேன்?

ஆகவே போர் தொடங்கியது. முதல் நாள் எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம், சாம்பிராணி. தூபக்காலில் தணல் போட்டு, ஒரு பாக்கெட்டையும் கொட்டி, கதவு ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு வந்தேன். காலையில் திறந்தால் கவிச்சி போகவில்லை. சாம்பிராணியும் போகவில்லை. இரண்டும் கல்யாணம் கட்டிக்கொண்டு உள்ளே குடித்தனம் நடத்தின. கோயில் குளத்தில் மீன் செத்து மிதந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அடுத்து மல்லிகை வாசனை அட்டைகள். கண்ணாடிக்கு ஒன்று, கட்டிலுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று. இப்போது கெளுத்தி மீன் தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

என் ஜெராக்ஸ் கடையில் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஆப்பசோடா தூவச் சொன்னார்கள், தூவினேன். கிண்ணத்தில் அடுப்புக்கரி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். காப்பித்தூள் வைக்கச் சொன்னார்கள். அதைச் சமையலறை வாசலிலேயே சாந்தி பிடுங்கிக்கொண்டாள். கடைக்கு ஆதார் அட்டை நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போகும்போது மூக்கைச் சுளித்து, "ஏந்தம்பி, கருவாட்டு யாவாரத்துல எறங்கிட்டிங்களா?" என்றார். குளித்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன், மாமா!

அப்புறம்தான் உறைத்தது. வாடைக்கு மேலே எதைப் பூசினாலும் போகாது, வாடை பிறக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அந்தத் தேடலில்தான் காது மாட்டிக்கொண்டது. தெரு சிரித்து முடித்துக் கலைந்த பிறகு சாந்தி உள்ளே ஏறி என் தோளைப் பிடித்து இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள். அவள் மூக்கு மேலே போனது, கீழே வந்தது, என் முகத்தில் வந்து நின்றது.

"இது என்னா வாசம்?"

சொல்லிவிட்டேன். வேறு வழி? எண்ணெய்க் குளியல், கெளுத்தி, அக்காவின் வேண்டுதல், எல்லாவற்றையும். கடைசியில் அந்த வீடியோ கால் கதையையும். மறந்திருக்கமாட்டீர்கள். குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். உப்புப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் பதறிப்போய்ச் சட்டியைத் தூக்கிக் கட்டில் பெட்டிக்குள் தள்ளி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "இப்பத்தான் எண்ணெ தேய்ச்சுக்கிட்டிருக்கறாங்க வளரு" என்று பேசினீர்கள். உங்கள் காலடியில் சட்டி கவிழ்ந்து குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. துண்டால் துடைத்துத் துண்டை எறிந்தோம். பலகை குடித்த குழம்பை யார் துடைத்தது?

சாந்தி முழுசாகக் கேட்டாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தால் என்னவோ ஒரு நிம்மதி. "எண்ணெ தேய்ச்சுக்கப் போறேன்னு போவீங்க, திரும்பி வந்தா மேல ஒரு பொட்டு எண்ணெப் பிசுக்கு இருக்காது. நான் வேற என்னென்னமோ நெனச்சு எங்கம்மாகிட்டச் சொல்லி அழுதிருக்கறேன். ச்சீ, மீனா?"

அந்தக் கடைசி ‘மீனா’வில் ஓர் ஏமாற்றமும் இருந்த மாதிரி பட்டது. என்னை அந்த அளவுக்குப் பெரிய ஆளாக நினைத்திருக்கிறாள், பாவம்.

"சரி, மீன் கழுவுன சட்டிய வூட்டுல எதப் போட்டுத் தேய்க்கறோம்? சாம்பிராணியா?" என்றாள். உள்ளே போனாள். பழைய புளி ஒரு பானையோடு வந்தாள்.

புளி, மாமா! நம் ஊர் ரோட்டோரத்தில் உதிர்ந்து கிடக்கிற புளி! எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். கட்டிலைக் கழற்றினோம். குழம்பு குடித்த பலகையைப் பிடுங்கி எறிந்து புதுப்பலகை போட்டேன். மெத்தை ஸ்பாஞ்சைக் காப்பாற்ற முடியவில்லை, அதற்கும் விடை கொடுத்துப் புதுசு போட்டேன். திரைச்சீலையை ஊறவைத்துத் துவைத்தோம். தொட்டிக்கு அடியில் குழாயைக் கழற்றினால் உள்ளேயிருந்து முள்ளாக வந்து விழுந்தது. ஒவ்வொரு முள்ளும் உங்கள் கையெழுத்து மாதிரி இருந்தது, போங்கள். கூரை ரெக்சின், சுவர், தரை எல்லாவற்றையும் புளிக்கரைசலால் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, எல்லாக் கதவையும் விரியத் திறந்துபோட்டு, வெயிலும் காற்றும் பார்க்கவிட்டோம். சாயங்காலம் ஏறி மோந்தேன். ஒன்றும் இல்லை! மறுநாள் வெயிலில் மூடிவைத்துத் திறந்து மோந்தேன். ஒன்றுமே இல்லை! இந்த வயசில் இந்தத் தொப்பையோடு வண்டிக்குள்ளேயே குதித்தேன். கூரையில் தலை இடித்தது. அதையும் பார்க்கத் தெருவில் ஆள் இருந்தது.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். அக்கா உங்கள் பச்சைச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். சாந்தி பக்கத்தில். நான் ஓட்டினேன். எவ்வளவு ஜோராகப் போனது தெரியுமா வண்டி! அக்கா அடுப்பைத் திருகிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், "பரவால்லியே, கெழவன் கெட்டிக்காரன்தான்" என்றாள். மஞ்சவாடிக் கணவாய் ஏறும்போது பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா குனிந்து மெத்தையை மோந்தாள். திரையை இழுத்து மோந்தாள்.

"ஏன்டா தம்பி," என்றாள். "வண்டியில மீன் வாசத்தயே காணோம்?"

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் நம் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான்.

"அக்கா, உனக்கு..."

"எண்ணெ தேய்ச்சுக் குளிச்சுட்டு வர்ற ஆம்பள வூட்டுக்குள்ள வந்ததும் வெரல மோந்து மோந்து பாத்துச் சிரிப்பானா? வீடியோ கால்ல தலயில துண்டு கட்டியிருக்கறாரு, மீசயில கொழம்பு நிக்கிது. எனக்குத் தெரியாதாடா?" சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது. "இதுல ஏறுனா அந்த வாசம் இருக்கும்னு நெனச்சேன். அவரு சந்தோசமா இருந்த வாசம். நல்லாத் தேச்சுக் கழுவிட்டியா?"

சாந்தி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப வேண்டுதல், அக்கா?" என்று கேட்டேன்.

"அத அப்பறம் சொல்றேன். நீ வண்டிய எடு."

பழனி அடிவாரத்தில் இறங்கியதும் வண்டி முகப்பில் குங்குமம் வைத்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "பொழச்சா அவர உன் வாசலுக்குக் கூட்டியாரேன்னு சொன்னேன். அந்தாளு ஒகேனக்கல்லத் தாண்டி வரமாட்டேன்னுட்டாரு. இந்தா, வண்டியாவது வந்திருக்குது. கணக்குல வெச்சுக்க" என்றாள். அவள் தேடிக்கொண்டிருந்த குறை அதுதானாம். மலை ஏறிக் கும்பிட்டு இறங்கி வரும்போது அவள் நடையே வேறு.

திரும்பும்போது சேலம் தாண்டியதும், "அரூருக்குத் திருப்பாத, தருமபுரிக்கு வுடு" என்றாள். ஒகேனக்கல்லில் நம் மரத்தடியை நான் காட்டவேண்டியிருக்கவில்லை, அவளே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாள். கெளுத்தி வாங்கினாள். ஜன்னலைத் திறக்கப்போன சாந்தியின் கையைத் தட்டிவிட்டாள். "மூடு. எல்லாத்தயும் மூடு."

மாமா, மூன்று பேரும் வேர்த்து ஒழுகி, கண் எரிந்து, மூச்சு முட்டித் தின்றோம். உங்கள் பங்கை அக்கா தனியாகத் தட்டில் வைத்தாள். முள் எடுத்து வைத்தாள். பிறகு ஒரு கரண்டி நிறையக் குழம்பை எடுத்து, நான் மாற்றிய புதுப்பலகையின் மேல் வேண்டுமென்றே ஊற்றினாள்.

இனி ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு அந்த மரத்தடிக்கு வண்டி வரும். ஜன்னல் திறக்கமாட்டோம். புளிப்பானையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். இது உங்கள் மச்சான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உங்களுக்கு முள் எடுத்துக் கொடுக்கிற,
வளர்மதியின் தம்பி, உங்கள் மச்சான்.

பி.கு: வேண்டுதல் விஷயத்தை அக்கா வீடு வந்து சேர்ந்ததும் சொன்னாள். முருகனிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒரே ஒரு வருஷத்துக்குத்தானாம். வண்டி பட்டறைக்குப் போகும் முன்பே அது முடிந்துவிட்டதாம். "சொல்லியிருந்தா வூட்டுலயே உக்காந்து தின்னுருப்பாருடா. ஒளிஞ்சு தின்னதுலதான் அவருக்கு ருசி" என்கிறாள். நாம் தின்ற ஒரு துண்டுகூடத் திருட்டு மீன் இல்லை, மாமா.