மூக்களவு வெந்நீர்

பிப்ரவரி 7, வியாழன் — செகெட், ஹங்கேரி

நாளை மாலை ரயிலில் புடாபெஸ்ட். எங்கள் கல்யாண நாளுக்கு நானே ஏற்பாடு செய்த பயணம். டான்யூப் ஆற்றைப் பார்த்தபடி அறை, சனிக்கிழமை படகில் மெழுகுவர்த்தி விருந்து. டிராம் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் வருமா என்று டிப்போவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எமெஷேயிடம் சொன்னேன். "படகா? குளிருமே," என்றாள். அவ்வளவுதான். திரும்பவும் செல்போனுக்குள் போய்விட்டாள். முன்பின் தெரியாத யாரோடோ அதில் செஸ். நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்துவிடுகிறாள். கட்டின புருஷனிடம் மறைக்க அதில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 8, வெள்ளி

ரயிலில் கேட்டே விட்டேன். "நான் வந்தா ஏன் ஆட்டத்தை மூடுற?"

"உன்னால சும்மா இருக்க முடியாது, டெஷே. நான் குதிரையைத் தொடறதுக்குள்ள அய்யோ அய்யோன்னு கத்துவ. உன்னாலதான் நான் செஸ் கிளப்புக்குப் போறதையே விட்டேன்."

என்னாலா? ஆதரவாக நாலு வார்த்தை சொன்னது குற்றமா? மற்ற புருஷன்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நான் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்! கெச்கெமேட் ஸ்டேஷன் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்தேன்.

பிறகு அவளே ஆரம்பித்தாள். "படகு வேண்டாம். பூங்காவுல வெந்நீர்க் குளம் இருக்குல்ல, அங்க போலாமா? தண்ணிக்குள்ள நின்னுட்டே செஸ் ஆடுவாங்க. எனக்குச் சின்ன வயசு ஆசை."

"நான் பார்க்கலாமா?"

"பாரு. ஆனா வாயைத் திறந்த, அதுக்கப்புறம் என் ஆட்டத்தை நீ ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. படகுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வெளியே பனி கொட்டுகிறது, குளமெல்லாம் ஆவி. கம்பளித் தொப்பி போட்ட கிழவர்கள் நெஞ்சளவு வெந்நீரில் நிற்கிறார்கள். ஓரக் கல்லின் மேல் பலகை. லோரான்ட் என்று ஒரு பெரியவர், காலையிலிருந்து அவரை யாரும் ஜெயிக்கவில்லையாம். எமெஷே நேரே அவரிடம்தான் போனாள்.

அவர் என்னைப் பார்த்தார். "ஆடப் போறது நீங்களா, தம்பி?"

"நான்," என்றாள் எமெஷே.

"ஆடும்மா. ஆனா ஒண்ணு. கூட வந்தவர் வாயைத் திறந்தா நீ தோத்த மாதிரி. இது எங்க குளத்துச் சட்டம்."

கடவுளே! ஊரே கூடி என் வாய்க்குப் பூட்டுப் போடுகிறதா?

பாதி ஆட்டம் வரை பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் எமெஷே ராணியைத் தூக்கினாள். நேரே கிழவரின் ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அங்கே அவருடைய யானை தயாராக நிற்கிறது! ராணி இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. அய்யோ வைக்காதடி, ராணி போயிடும்— தொண்டைவரை வந்துவிட்டது. சட்டென்று மூக்கு வரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். வாய் நிறையக் கந்தக வெந்நீர்.

வைத்துவிட்டாள். யானை வெட்டியது. கிழவர் என்னைப் பார்த்துப் பாவம் என்பதுபோல் சிரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"செக்மேட்," என்று எமெஷேயின் குரல் கேட்டது.

குதிரை! ஒற்றைக் குதிரை தாவி நிற்கிறது. ராஜாவுக்கு நகர இடமில்லை, ராணியை வெட்ட வந்த அவருடைய யானையே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வேண்டுமென்றேதான் ராணியைக் கொடுத்திருக்கிறாள். என் பொண்டாட்டி! நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால்?

"யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்றார் பெரியவர்.

"எங்கப்பா. ஆனா இன்னிக்கு ஜெயிச்சது இவராலதான்."

"இவரா? இவர் முங்கிக்கிட்டுல்ல இருந்தாரு!"

"அதைத்தான் சொல்றேன்."

உடை மாற்றிக்கொண்டு வந்ததும் பெரியவர் பீர் வாங்கிக் கொடுத்தார். நான் சந்தோஷத்தில் கோப்பையைக் கோப்பையோடு இடித்துவிட்டேன். பீரை இடித்துக் குடிப்பது நம் நாட்டில் ஆகாத காரியம். சுற்றியிருந்த கிழவர்கள் எல்லோரும் முறைத்தார்கள். முறைத்தால் முறைக்கட்டும். செக்மேட் வைத்தது அவர்கள் பொண்டாட்டியா?

பிப்ரவரி 10, ஞாயிறு

திரும்பும் ரயில். என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். பெட்டியில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, "இவ யாரு தெரியுமா?" என்று கேட்கவேண்டும் போலிருக்கிறது. சும்மா இருக்கிறேன்.

மார்ச் 14, வியாழன்

வியாழக்கிழமைகளில் எமெஷே மறுபடி கிளப்புக்குப் போகிறாள். முதல் வாரம் அவளே என் மேல்கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். முதல் வரிசையில்தான் உட்காருகிறேன், வாய் நிறைய சீஸ் பொகாச்சா ரொட்டி. வாய் காலியாவதற்குள் அடுத்ததைத் திணித்துக்கொள்கிறேன். இரண்டு கிலோ ஏறிவிட்டேன்.

இன்று தோற்றுவிட்டாள். டிராமில் வரும்போது செல்போனில் அந்த ஆட்டத்தை அடுக்கி, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இந்த இடத்துல நீயா இருந்தா என்ன ஆடியிருப்ப?"

என்னைக் கேட்கிறாள். என்னை! ஒரு கட்டத்தைக் காட்டினேன்.

"மடையா, ராணி போயிடுமே!"

"போகட்டுமே," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இறங்கும் நிறுத்தம் போனதுகூடத் தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.